வெள்ளிக்காக எரிந்த பட்டு

பழைய கிமோனோவைப் பிரித்துச் சட்டையாகவும் மேலங்கியாகவும் கைப்பையாகவும் தைத்து விற்பது இன்று ஜப்பானில் மதிப்பான தொழில். அதைப் பார்த்துவிட்டு நம் பக்கத்தில் ஒரு கேள்வி எழுகிறது. காஞ்சிபுரமும் ஆரணியும் பக்கத்திலேயே இருக்கின்றன; விழுப்புரத்துக்கு அருகே சிறுவந்தாட்டிலேயே பட்டுத்தறிகள் ஓடுகின்றன. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பட்டுக் கட்டிய குடும்பங்கள் உண்டு. அப்படியானால் பாட்டிமார் கட்டிய புடவைகள் எல்லாம் எங்கே போயின? வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். ஜப்பானியர் சிக்கனக்காரர்கள், நாம் ஊதாரிகள் என்பது ஒன்று. அவர்களுக்குக் கலையின் அருமை தெரியும், நமக்குத் தெரியாது என்பது மற்றொன்று. இரண்டுமே வரலாற்றைப் பார்க்காமல் சொல்லப்படுபவை. பழந்துணியை வீணாக்காத பழக்கம் இரு நாட்டிலும் இருந்தது. கிழிந்த துணி அடுத்து என்ன ஆகும் என்பதை உடுத்தியவரின் குணமோ நெய்தவரின் திறமையோ தீர்மானிப்பதில்லை. துணியாக அதற்குக் கிடைக்கும் விலையைவிட வேறொன்றாகக் கூடுதல் விலை கிடைக்குமா என்பதுதான் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டுப் பட்டுப்புடவைக்கு அப்படியொரு வேறு விலை இருந்தது. கரையிலும் முந்தானையிலும் ஓடிய ஜரிகையின் வெள்ளிதான் அது.

ஜப்பானையும் இந்த வட்டாரத்தையும் ஒப்பிடுவது வலிந்து செய்வதுபோலத் தோன்றலாம். ஆனால் இரண்டுக்கும் 400 ஆண்டுத் துணித் தொடர்பு இருக்கிறது. 1608இல் டச்சுக்காரர்கள் செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்றுக் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் காலூன்றினார்கள். திண்டிவனத்துக்கு மேற்கே 28 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் செஞ்சிக் கோட்டையின் ஆட்சி அப்போது கடற்கரைவரை நீண்டிருந்தது. மறு ஆண்டே, 1609இல், அதே டச்சுக் கம்பெனி ஜப்பானின் ஹிராடோவில் பண்டகசாலை திறந்தது. 1641இல் நாகசாகித் துறைமுகத்தின் தெஜிமா தீவுக்கு மாறியது. ஜப்பான் மற்ற ஐரோப்பியருக்குக் கதவடைத்திருந்த இரண்டு நூற்றாண்டுகளிலும் சோழமண்டலக் கரையின் பருத்தித்துணி டச்சுக் கப்பல்களில் பத்தாவியா வழியாக அங்கே போய்க்கொண்டிருந்தது. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏறிய பூத்துணிகளும் கோடுபோட்ட துணிகளும் அதில் இருந்தன. கோட்டுத்துணியின் ஒரு வகையை ஜப்பானியர் மயிலாப்பூர்ச் சாந்தோமின் பெயராலேயே அழைத்தார்கள். பிறகு அதைத் தங்கள் தறியிலும் நெய்யத் தொடங்கினார்கள். இங்கே சந்தைச் சரக்காக இருந்த துணி, அங்கே இறங்கியபோது அரிய பொருளாகிவிட்டது. முழு ஆடையாக உடுத்தும் வசதி வெகு சிலருக்கே இருந்தது. மற்றவர்கள் துண்டாக வாங்கித் தேநீர்ச் சடங்கின் ஜாடிக்கு உறை தைத்தார்கள். புகையிலைப் பை செய்தார்கள். உள்ளாடையில் ஒட்டாக வைத்துத் தைத்தார்கள். ஹிகோனே நகரை ஆண்ட ஈ குடும்பம் சேர்த்துவைத்த இத்தகைய இந்தியத் துணித் துண்டுகள் ஏறத்தாழ 450 இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உள்ளங்கையளவு துண்டுகூட அதில் உண்டு. ஆக, பழந்துணிக்கு மறுவாழ்வு தரும் ஜப்பானியக் கலையின் பழைய மாதிரிகளில் நம் கரையின் துணியும் இருக்கிறது. அதைக் காப்பாற்றியது அருமை. அருமையாக இருந்ததால்தான் அது துண்டாகவும் விலைபோயிற்று.

கிமோனோவுக்கு இன்னொரு வசதியும் உண்டு, அதன் தையலிலேயே இருக்கும் வசதி. சுமார் 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் கொண்ட ஒரே சுருளை எட்டு நேர்த்துண்டுகளாக வெட்டிச் சேர்த்துத் தைப்பதுதான் கிமோனோ. வளைவான வெட்டே கிடையாது. கழுத்துக்குக்கூடத் துணியைக் குடைந்து எடுக்காமல் மடித்துத் தைப்பார்கள். தையலைப் பிரித்தால் துண்டுகள் மறுபடி சேர்ந்து பழைய சுருளாகிவிடும். பட்டுக் கிமோனோவைத் துவைக்கும் பழைய முறையே அதுதான்: தையலைப் பிரித்து, துண்டுகளை வரிசையாக இணைத்துத் துவைத்து, கஞ்சியிட்டு இழுத்துக் காயவைத்து, மீண்டும் தைப்பது. அப்படித் தைக்கும்போது வெளுத்த பக்கத்தை உள்ளே திருப்பலாம், நிறம் மாற்றலாம், தாயின் ஆடையை மகளின் அளவுக்குக் குறைக்கலாம். எடோ நகரத்தில், இன்றைய தோக்கியோவில், பழந்துணி வணிகத்துக்கென்றே தோமிசாவா-சோ என்ற தெரு இருந்தது. பருத்தி விளையாத வடபகுதிகளுக்குப் பழந்துணி கப்பலேறிப் போயிற்று. அங்கே அதை ஒட்டுமேல் ஒட்டாகத் தைத்தார்கள், நாடாவாகக் கிழித்து ஊடைநூலாக்கி மறுபடி நெய்தார்கள். இன்று கிமோனோவிலிருந்து கைப்பை தைப்பவர் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. பிரித்துத் தைக்கும் பழக்கத்தில் கடைசிக் கட்டத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்.

நம் பக்கத்தில் பருத்திச் சேலையின் வாழ்க்கையும் இதற்குக் குறைந்ததல்ல. ஊருக்குக் கட்டிய சேலை வீட்டுக்கட்டாகும், வெளுத்துப்போனால் தூளியாகும், தூளியும் நைந்தால் குழந்தைக்குக் கீழே விரிக்கும் துணியாகும். பழந்துணியின் மென்மைக்காகப் பிறந்த குழந்தைக்கு அதைத்தான் தேடி எடுப்பார்கள். அதற்குப் பிறகு களத்துமேட்டில் சும்மாடு, அடுப்படியில் கரித்துணி. வெள்ளை வேட்டியானால் விளக்குத்திரி. எதுவும் குப்பைக்குப் போகவில்லை. இந்த வரிசையில் கத்திரிக்கோலுக்கும் ஊசிக்கும் வேலை குறைவு என்பது கவனிக்க வேண்டியது. சேலை தைக்கப்படாத துணி. அதனால் பிரிக்கவும் தேவையில்லை, கிழித்தால் போதும். கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழி வெட்டித் தைக்கச் சொல்லவில்லை. ஆனாலும் வரிசையின் ஒவ்வொரு படியிலும் துணியின் மதிப்பு இறங்கிக்கொண்டேதான் போகிறது. ஜப்பானியத் தேநீர் உறையில் நடந்ததுபோல, துண்டான பிறகு மதிப்பு ஏறும் வழி அதில் இல்லை.

அதற்குக் காரணம் அழகுணர்ச்சிக் குறைவு என்று சொல்வதற்கு முன், பழந்துணி யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்று பார்க்க வேண்டும். பழைய துணி இங்கே பண்ணையாட்களுக்கும் வண்ணாருக்கும் வீட்டுவேலை செய்தவர்களுக்கும் கூலியின் பகுதியாகவே கொடுக்கப்பட்டது. கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்பதை ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நினைவூட்டிய வழக்கம் அது. பிறர் உடுத்திக் கழித்ததை உடுத்த மாட்டேன் என்பது 20ஆம் நூற்றாண்டில் தன்மானத்தின் பேச்சாக எழுந்தது. அது சரியான பேச்சு. மில் துணி மலிந்ததும், கடன் வாங்கியாவது புதுத்துணி எடுப்பது வீம்பாக இல்லாமல் விடுதலையாகவே இருந்தது. எஞ்சிய பழந்துணியைப் பாத்திரக்காரர் எடுத்துக்கொண்டார். நான்கு சேலைக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணம் என்று பேரம் பேசித் தலைச்சுமையாக எடுத்துப் போனவர் துணியோடு அதன் பழைய உறவுகளையும் ஊரைவிட்டுக் கொண்டுபோனார். பழையதைப் போற்றாத சமூகம் என்று நம்மைக் குறை சொல்பவர்கள், அந்தப் பழையது யாருடைய தோளில் ஏற்றப்பட்டிருந்தது என்பதை எளிதாக மறந்துவிடுகிறார்கள்.

பட்டின் கதை வேறு. அது கூலியாகப் போகவில்லை, கிண்ணத்துக்கும் போகவில்லை. ஜரிகை வாங்குபவரிடம் போயிற்று. காஞ்சிப் பட்டின் அசல் ஜரிகை, பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக்கம்பியைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. பழைய கலவையில் எடைக்கு 57 விழுக்காடு வெள்ளி, 0.6 விழுக்காடு தங்கம். மீதி பட்டும் செம்பும். ஜரிகையை மார்க் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு மார்க் ஏறத்தாழ 240 கிராம். ஒரு மார்க் ஜரிகை சென்ற முகூர்த்தப் புடவையில் 137 கிராம் வெள்ளி இருக்கும், சவரன் கணக்கில் சொன்னால் 17 சவரன் எடை. அதோடு ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவாகத் தங்கம். முப்பது வருடம் கட்டி மடிப்பில் பட்டு இற்றுப்போன பிறகும் இந்த உலோகம் அப்படியே இருக்கும். பழைய ஜரிகை வாங்குபவர் கரையின் ஓரத்தை உரைகல்லில் தேய்ப்பார்; வெள்ளை விழுந்தால் வெள்ளி, சிவப்பு விழுந்தால் செம்பு. வெள்ளியானால் கரையும் முந்தியும் அறுபடும், எரிபடும். சாம்பலிலிருந்து வெள்ளி உருக்கி எடுக்கப்படும். ஜரிகை இல்லாத உடல் பாவாடையாகவோ தூளியாகவோ மிஞ்சும். எது எரிந்தது, எது மிஞ்சியது என்று பாருங்கள். மூன்று ஓடத்தால் கோர்வை போட்ட கரை, பேட்டு மாற்றிய முந்தி, யாளியும் உருத்திராட்சமும் மயில்கண்ணும் ஓடிய வேலைப்பாடு எல்லாம் எரிந்தன. வெற்று உடல் மிஞ்சியது. நெசவாளி அதிக நாள் செலவிட்ட பகுதியே அதிக உலோகம் உள்ள பகுதி என்பதால், திறமை கூடக்கூட அழிவும் கூடிற்று. ஒரு நூற்றாண்டு மூத்த காஞ்சிப் பட்டு முழுசாகக் கிடைப்பது அரிதாக இருப்பதன் பெரிய காரணம் செல்லோ ஈரமோ அல்ல, உலைதான் என்றே கருதவேண்டியிருக்கிறது.

இதற்கு முதல் மறுப்பு சாத்திரத்தின் பக்கமிருந்து வரும். தைக்காத, வெட்டாத முழுத்துணியே மங்கலம், மடிக்கு உகந்தது என்ற நம்பிக்கையால்தான் நாம் புடவையை வெட்டித் தைக்கவில்லை என்பார்கள். நம்பிக்கை இருந்தது உண்மை. கோடித்துணிக்குச் சடங்கில் இருந்த இடம் அதைக் காட்டுகிறது. ஆனால் அது கத்திரிக்கோலைத் தடுத்துவிடவில்லை. தாயின் பழம்பட்டை வெட்டி மகளுக்குப் பட்டுப்பாவாடை தைப்பது பல வீடுகளில் நடந்ததுதான். உடல் கிழிந்து கரை நன்றாக இருந்தால், கரையைப் பிரித்துப் புது உடலில் சேர்ப்பதும் உண்டு. கோயில் தேரின் தொம்பைகளையும் சீலைகளையும் பார்த்தால், வண்ணத்துணியை வெட்டி ஒட்டித் தைக்கும் கலையில் தமிழர் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல என்று தெரியும். கடவுளுக்கே தைத்த துணி ஆகும்போது மடி எங்கே தடுக்கிறது? நம்பிக்கை தடையாக இருந்திருந்தால் கரையை அறுத்து எரிக்கும்போதும் கை நடுங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. எரித்ததை அழிவு என்று ஏன் புலம்ப வேண்டும், அந்தப் புடவை வாங்கப்பட்டதே அதற்காகத்தானே என்பது அது. இதில் பாதிக்குமேல் நியாயம் இருக்கிறது. மழை பொய்த்தால் வருமானமும் பொய்த்துப்போகும் மானாவாரி ஊர்களில், வங்கிக்கணக்கு இல்லாத ஒரு பெண்ணின் பெயரில் இருந்த சேமிப்பு கழுத்திலும் காதிலும் பெட்டியிலும்தான் இருந்தது. பெட்டியில் இருந்தது பட்டுப்புடவை. ஒரு படிப்புச் செலவுக்கும் ஒரு பிரசவத்துக்கும் அது உருகியிருந்தால், அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குவதைவிடக் குறைவான பயன் என்று எப்படிச் சொல்வது? கலை போயிற்றே என்று அங்கலாய்ப்பவர் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டிருக்கப் போவதில்லை. ஆனால் மறுப்பு ஒன்றை விட்டுவிடுகிறது. சேமிப்பாகப் பார்த்தால் புடவை மோசமான சேமிப்பு. நெய்த கூலி, சாயம், பட்டு ஆகிய எதற்கும் திரும்பப் பணம் கிடையாது. வெள்ளிக்கும் சேதாரம் போகத்தான் கிடைக்கும். விலை கொடுத்து வாங்கிய வேலைப்பாட்டுக்கு மறுவிற்பனையில் சுழியம் மதிப்பு என்ற இந்தக் கணக்கு நெசவாளியின் கைக்கூலியையும் மெல்லக் கரைத்திருக்கும். வாங்குபவர் எடையையே மதிப்பிட்டால், விற்பவரும் எடையைத்தானே பேசுவார்? நகைக்கடையில் செய்கூலிக்கு நேர்ந்ததும் இதுவே. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் பழம்புடவைகள் வெளியே வருவது இந்தக் கணக்கின் தொடர்ச்சி. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியது. 2025 அக்டோபரில் அந்த எல்லையைத் தாண்டியது. பட்டின் பக்கம் நிற்பவர்கள் கொண்டாட வேண்டிய விலையேற்றம் அல்ல அது.

ஜப்பானில் தங்க வேலைப்பாடு இல்லாமல் இல்லை. நோ நாடக ஆடைகளும் இடைக்கச்சையான ஒபியும் பொன்மயமானவை. ஆனால் அங்கே பொன்னிழை செய்யும் முறை வேறு. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள தங்கத் தகட்டைக் காகிதத்தில் ஒட்டி, மெல்லிய நாடாவாக நறுக்கி, அப்படியே நெய்வார்கள் அல்லது நூலில் சுற்றுவார்கள். எரித்தால் பெரும்பாலும் காகிதச் சாம்பல்தான். கரி செலவுக்குக்கூடத் தேறாத உலோகம், துணிக்கு அரணாயிற்று. அதனால் கிமோனோக்கள் அலமாரியில் தங்கின. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அன்றாட உடையிலிருந்து கிமோனோ விலகியதும், 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 1.8 இலட்சம் கோடி யென் அளவில் இருந்த கிமோனோச் சந்தை பிறகு ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியதும், அந்த அலமாரிகளைப் பழந்துணிச் சந்தைக்குத் திறந்துவிட்டன. மறுதையல் தொழிலுக்குச் சரக்கு அங்கிருந்துதான் வந்தது. நற்குணம் மட்டும் இருந்து சரக்கு இல்லாவிட்டால் தொழில் எழுந்திருக்காது. அங்கேயும் மறுப்பு உண்டு: உடுத்தக்கூடிய நல்ல கிமோனோவைக் கைப்பைக்காக வெட்டுவது நெய்தவனுக்குச் செய்யும் அவமரியாதை என்று கிமோனோ அன்பர்கள் சினப்பதுண்டு. சினம் நியாயமானதே. வெட்டுவது எப்போதும் காப்பாற்றுவது ஆகிவிடாது.

விழுப்புரம் மாவட்டத்துக்குள் மறுதையல் ஒரு தொழிலாக உருவெடுத்த இடத்தைத் தேடினால் வானூர் வட்டத்துக்குப் போக வேண்டும். 1968இல் தொடங்கிய ஆரோவில்லின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அங்கே இயங்கும் உபாசனா ஆடை வடிவமைப்பகம் மீனவர் குடியிருப்புகளின் பெண்களுக்குத் துணித்துண்டுகளால் சிறு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. சுனாமிகா என்று பெயர் பெற்ற அந்தப் பொம்மைகளை விலைக்கு விற்காமல் அன்பளிப்பாகவே கொடுத்தார்கள். வந்த நன்கொடைகள், பொம்மை செய்தவர்களின் கூலிக்குப் போயின. துயரத்தில் இருந்தவர்களுக்குக் கைவேலையும் வருமானமும் தந்த நல்ல முயற்சி. அதில் பயன்பட்டது தையற்கூடத்தின் வெட்டுத்துண்டு, உடுத்திக் கழித்த துணி அல்ல என்பது நம் வாதத்துக்கு முக்கியம். வெட்டுத்துண்டுக்குப் பழைய உடமையாளர் கிடையாது, தீட்டு கிடையாது, கூலியாகக் கொடுத்த வடு கிடையாது. முன்பு சொன்ன தன்மானத் தடை அதைத் தொடுவதில்லை. நம் ஊரில் மறுதையல் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகவே நுழைந்தது தற்செயலாகத் தெரியவில்லை.

உடுத்திய பட்டு இப்போது எப்படிக் குர்த்தியாகவும் மேசைவிரிப்பாகவும் கைப்பையாகவும் வருகிறது? பலர் இதை விழிப்புணர்வு என்கிறார்கள். அதைவிட எளிய காரணம் ஜரிகையிலேயே இருக்கிறது. வெள்ளி விலை ஏற ஏற அசல் ஜரிகையின் கலவையே மாறிற்று. 1971இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய அரசு நிறுவனமான தமிழ்நாடு ஜரிகை ஆலையின் ஜரிகையிலேயே வெள்ளி பின்னாளில் 40 விழுக்காடாகக் குறைந்தது, செம்பு 35.5 விழுக்காடாக உயர்ந்தது. தனியார் சந்தையில் செம்புக்கம்பி ஜரிகையும் பாலியெஸ்டர்மேல் உலோகப்பூச்சு ஏறிய ஜரிகையும் வந்து குவிந்தன. இந்தப் புடவைகளை ஜரிகை வாங்குபவர் உரைகல்லில் ஒருமுறை தேய்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எரிக்க ஒன்றுமில்லாததால் அவை பீரோவில் தங்கின; தங்கியதால் தையற்காரரிடம் போயின. ஜரிகையின் தரம் தாழ்ந்ததால்தான் துணி பிழைத்தது என்று சொன்னால் கசக்கும், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது. இன்று கைப்பையாகும் புடவைகளில் பெரும்பங்கு போலி ஜரிகைக் காலத்தவை. அசல் ஜரிகைப் புடவைகள் இன்னும் உலைக்கே போகின்றன. மறுதையல் பழம்பட்டைக் காப்பாற்றுகிறது என்ற விளம்பரத்தை இந்த அளவுக்குக் குறைத்துக்கொண்டுதான் நம்ப வேண்டும்.

அப்படியானால் அசல் ஜரிகைப் புடவையை வைத்திருப்பவர் என்ன செய்வது? எரிக்காதே என்று அவருக்கு உபதேசிக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அவர் கையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். இன்று அது வாங்குபவரின் உரைகல்லுக்கு மட்டுமே தெரிகிறது. மத்தியப் பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த சில்க் மார்க் முத்திரை, பட்டு சுத்தமானதா என்று சொல்கிறது. ஜரிகையில் எத்தனை பங்கு வெள்ளி என்பது அதன் வேலை அல்ல. பல தனியார் கடைகளின் ரசீதிலும் அது இருப்பதில்லை. ஜரிகையின் எடையும் கலவையும், நெய்த ஊரும், தறியில் சென்ற நாட்களும் புடவையோடு எழுதிக் கொடுக்கப்பட்டால், முப்பது ஆண்டு கழித்து அதை விற்க வருபவர் வெள்ளிக்கு ஒரு விலையும் வேலைப்பாட்டுக்கு ஒரு விலையும் கேட்கலாம். சேர்த்துவைப்பவர், அருங்காட்சியகம், மறுதையல்காரர் என்று அந்த இரண்டாவது விலையைக் கொடுக்கக்கூடியவர்கள் இன்று இருக்கிறார்கள். அந்த விலை உலையின் விலையைத் தாண்டும் புடவைகளாவது கரையோடும் முந்தியோடும் முழுசாகத் தப்பும். சிறுவந்தாட்டிலும் காஞ்சிபுரத்திலும் இன்று தறியிலிருந்து இறங்கும் புடவைக்கு இந்தத் துண்டுச்சீட்டை எழுதிவைக்க ஆகும் செலவு மிகக் குறைவு.